எதற்கும் குருவியைக் கேட்டுவிடலாம்

அடுப்பில் ஈரச் சுள்ளி ஒன்றைச் செருகிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஒனெசீம் தெஷேர், எதிரே மரப்பெரணியின் உச்சியில் உட்கார்ந்திருந்த குருவியைப் பார்த்து, "மழை வருமா?" என்று கேட்டார். குருவி சிறகை ஒரு உதறு உதறிவிட்டு, "தெக் தெக்" என்றது. ஒனெசீம் தலையாட்டிக்கொண்டு குடையை விரித்தார். மழை அதற்கு முன்பே பெய்துகொண்டிருந்தது.

பெபூர்க் காட்டில் நின்றுகொண்டு மழை வருமா என்று கேட்பது, கடற்கரையில் நின்றுகொண்டு உப்புக் கரிக்குமா என்று கேட்பது மாதிரிதான். ஆனாலும் ஒனெசீம் கேட்பார். இரண்டு தெக் என்றால் ஆமாம். ஒரு தெக் என்றால் இல்லை. இதுதான் அவருக்கும் குருவிக்கும் உள்ள ஒப்பந்தம். அந்த ஒற்றைத் தெக்கை இந்நாள்வரை அவர் காதால் கேட்டதில்லை. அந்தக் குருவி இனத்துக்கே ஒற்றையாகக் கத்தும் வழக்கம் கிடையாது என்பதும், அது இப்படி இரட்டையாகக் கத்துவதனாலேயே தீவில் எல்லோரும் அதைத் தெக்-தெக் என்று அழைக்கிறார்கள் என்பதும் அவருடைய பால்மிஸ்த் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒனெசீமிடம் இதை யாரும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். சொல்லாதவர்கள்தான் குறைவு.

ஆள் ஒல்லி. அறுபதைத் தொடப்போகிறார். மழைக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று என்று தலையில் இரண்டு தொப்பி. முன்பு ஊராட்சியில் சாலையோரச் செடி வெட்டும் வேலை பார்த்தார். இப்போது பார்ப்பது இடம் பிடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடற்கரை ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு காட்டுக்கு ஏறி வருகிறவர்களுக்குக் கூரைக் கொட்டகை வேண்டும். கொட்டகைகளோ கைவிரலுக்குள் அடங்கும். ஆகவே விடியும்போதே ஒருவர் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் ஒனெசீம். கூலி காசாக வாங்குவதில்லை. சட்டியிலிருந்து எடுக்கிற முதல் தட்டுச் சோறும், பழம் ஊறப்போட்ட ரம் ஒரு கோப்பையும் அவருக்கு. அதற்குமேல் கொடுத்தால் குருவியைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வார்.

"எடம் பிடிக்கிறது குண்டியால இல்ல, புகையால" என்பார். யார் அடுப்பில் முதலில் புகை எழுகிறதோ அவருக்குத்தான் கொட்டகை; இது அந்தக் காட்டின் எழுதாத சட்டம். ஆகையால் அவர் மேசையில் லிச்சிப்பழப் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அடுப்பை மூட்டி, ஒரு கனத்த அலுமினியச் சட்டியை ஏற்றி வைப்பார். சட்டிக்குள் தண்ணீரும் ஒரு கல்லும். யாராவது அந்தப் பக்கமாக ஆசையோடு வந்தால் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, அகப்பையால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்பார். வந்தவர்கள் அடுத்த கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கல் வெந்துகொண்டிருப்பது இன்று நேற்றல்ல. ஒருமுறை பழக்கதோஷத்தில் அதற்கு உப்புக்கூடப் போட்டிருக்கிறார்.

குருவி கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுதான். கறுப்புத் தலை, கழுத்தில் வெள்ளைப் பட்டி, நெஞ்சில் செங்கல் தேய்த்தாற்போல ஒரு தீற்று. மனிதன் நடந்தால் கூடவே வரும். காலடியில் கிளம்புகிற பூச்சிக்காக வருகிறது என்பார்கள் மற்றவர்கள். ஒனெசீமுக்கு அப்படிப்பட்ட சில்லறை விளக்கங்களில் நம்பிக்கை இல்லை. அது அவருக்காகத்தான் வருகிறது. காட்டு முனையிலிருந்து ஓடைக் கொட்டகை வரைக்கும் ஒரே குருவிதான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறது.

காட்டு முனையில் சாப்பாட்டு வண்டி போட்டிருக்கிற ரெனே மூத்துசாமிக்கு இதில் மட்டும் பொறுக்காது. "யோவ், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குருவி இருக்குய்யா. தன்னோட எல்லை முடிஞ்சதும் அது நின்னுக்கும். அடுத்தது வந்து ஒன்னை வாங்கிக்கும். நீ என்னமோ கல்யாண ஊர்வலம் மாதிரி நெனச்சுக்கிட்டுப் போற."

"அதே குருவிதான்."

"பாதி வழியில பழுப்பா மாறுதே, அது?"

"அது வேலைநாள் சட்டை."

ஒருநாள் மூத்துசாமி வண்டியை மூடிவிட்டுக் கூடவே வந்து, குருவியின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "ஏய், நீ இந்த மனுஷன்கிட்ட பொய்தானே சொல்ற?" குருவி தயங்காமல், "தெக் தெக்" என்றது. மூத்துசாமி வெற்றியோடு திரும்பினார். ஒனெசீமின் முகத்தில் பெருமை வழிந்தது. "பாத்தியா, எப்பிடி ஒத்துக்கிட்டது. ஒன் ரொட்டி முந்தாநாள் ரொட்டின்னு நீ என்னைக்காவது ஒத்துக்கிட்டிருக்கியா?"

இல்லை என்ற சொல்லே இல்லாத ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டு நடத்துகிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவர் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்க்கலாம். அங்கே ஒரு படகு இருக்கிறது. கடல் எங்கோ பாதாளத்தில் கிடக்கிறது. இந்த மலையிலிருந்து மேகம் விலகிய காலைகளில் மட்டும் கோடு மாதிரி தெரியும். யாரோ விற்க வந்தார்கள், ஒனெசீம் காட்டுக்குப் போய் "வாங்கட்டுமா?" என்று கேட்டார், வாங்கிவிட்டார். சௌசௌக் கொடி அதன்மேல் ஏறிக் காய்த்துத் தொங்குகிறது. மழைத் தண்ணீர் நிறைந்துவிடுவதால் வாரம் ஒருமுறை வாளியால் இறைத்துக் கொட்டுகிறார். படகு மூழ்கிவிடுமோ என்று கவலைப்படுகிற மலைவாசி இந்தத் தீவிலேயே அவர் ஒருவர்தான்.

பல் விஷயம் இன்னும் பரிதாபம். கடைவாய்ப் பல் ஒன்று வலித்தபோது காட்டுக்குப் போய், விரலை வாய்க்குள் விட்டு, "இதுவா?" என்று கேட்டார். தெக் தெக். கீழே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலி போகவில்லை. மறுபடி காட்டுக்குப் போய் அடுத்ததைத் தொட்டு, "அப்ப இதுவா?" என்றார். பல் மருத்துவர் பாவம், வலிக்கிற பல்லைத் தட்டிக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தார். "ஒங்களுக்குப் படிப்பு இருக்கு, நான் இல்லங்கல. ஆனா முடிவு ஏற்கெனவே ஆயிருச்சு" என்று ஒனெசீம் வாயைத் திறந்து காட்டினார். இப்படி மூன்று பல் போயிற்று; வலிக்கிற பல் இன்றும் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதைக் கேட்கிற முறை இன்னும் வரவில்லை.

இளவயதில் கடல் தாண்டி, இந்தத் தீவை ஆளுகிற பிரான்சில் ஒரு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். அங்கே தெக்-தெக் கிடையாது. அங்கே மட்டுமல்ல, இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாசறைக் கூரையில் உட்கார்ந்த சிட்டுகளிடம் கேட்டுப் பார்த்தார். அவை சளசளவென்று என்னென்னமோ பேசினவே தவிர, ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. அந்த வருஷம் முழுவதும் ஒனெசீம் எந்த முடிவும் எடுக்கவில்லை. தலைமுடியைக்கூட மேலதிகாரி பிடித்து வெட்டிவிட்டார். "பாரீஸ்காரங்க பாவம். எதை வச்சுத்தான் முடிவெடுக்கறாங்களோ" என்று இப்போதும் உண்மையான இரக்கத்தோடு சொல்வார்.

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த மாசம், கீழூரில் நடந்த நடன விழாவில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண்ணிடம் போய், தன்னோடு ஆடுகிறாளா என்று கேட்டார். மனிதர்களிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட பெரிய கேள்வி அது ஒன்றுதான். அவள் இல்லை என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏன் இல்லை என்று காரணங்களும் சொன்னாள், பக்கத்தில் நின்ற தோழிகளுக்கும் கேட்கும்படி. அதுவரை பாதி விளையாட்டாகக் குருவியைக் கேட்டுவந்த ஒனெசீம், மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் காட்டுக்கே போக ஆரம்பித்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவர் வாழ்க்கையில் எர்மினி ஒவாரோ வந்து நுழைந்தாள்.

எர்மினி பள்ளிக்கூடச் சமையல்கட்டின் தலைவி. கணவன் இறந்து சில வருஷமாகிறது. அவள் அகப்பையைத் தூக்கினால் முழுப் பள்ளிக்கூடமும் வாயை மூடும், தலைமையாசிரியர் உட்பட. கீழூரிலிருந்து வருகிற ஒவாரோ குடும்பத்துக்கு ஒனெசீம் முதல்முறையாகக் கொட்டகை பிடித்து வைத்திருந்த ஞாயிறு, அவள் கூடையை இறக்கி வைக்கும் முன்பே அடுப்பைப் பார்த்தாள். "எதுக்கு இவ்வளவு புகை? மீனையா கருவாடாக்கறீங்க?" என்று கேட்டு, குனிந்து, இரண்டு விறகை உருவி வெளியே போட்டு, ஒன்றைத் திருப்பி வைத்தாள். தீ சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒனெசீமின் புகையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவர் அன்று சாப்பிடவில்லை. முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள். அவள் ஏதாவது குறை சொல்வாள், அவர் அதை வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். கடைசியில், லிச்சி பழுக்கிற நேரத்தில், காட்டுக்குள் போய்த் தொப்பிகள் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எர்மினி என்னைக் கட்டிக்குவாளா?" என்று கேட்டார். தெக் தெக். விஷயம் பெரிதாயிற்றே என்று அடுத்த வளைவில் இன்னொரு தடவை. தெக் தெக். ஓடைக்கரையில் இன்னொரு தடவை. அங்கே அது வேலைநாள் சட்டையில் இருந்தது; பதிலில் மாற்றமில்லை.

மூன்று இடத்தில் உறுதியான பிறகு ஒரு மனிதன் சும்மா இருப்பானா? பாதிரியாரிடம் போய்த் தேதி பேசினார். ரொட்டிக்கடையில் கேக்குக்குச் சொன்னார். மூத்துசாமியிடம் ஆட்டுக்கறிக்கு வாக்கு வாங்கினார். மூத்துசாமி கையைக் குலுக்கி, கட்டிப்பிடித்து, கண் கலங்கி, "அவ என்னய்யா சொன்னா?" என்று கேட்டார். "இன்னும் அவகிட்ட சொல்லல" என்றார் ஒனெசீம்.

அத்தோடு நிற்காமல், பேரில்லாமல் கிடந்த படகின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தால் 'எர்மினி' என்று முழ உயரத்துக்கு எழுதினார். எழுத்துக்காகச் சௌசௌக் கொடியைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டினார். கொல்லை சாலையோரம். பேருந்து அந்த வழியாகத்தான் போகும். செவ்வாய்க்கிழமை காலை, எர்மினி பேருந்து ஜன்னல் வழியாகத் தன் பெயரைப் படித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து, மழையில் வேலிக்கு வெளியே நின்று படகை ஒரு சுற்றுப் பார்வை பார்த்தாள். வீட்டுக்குள்ளே ஒனெசீம் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவள் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வழியில் ரொட்டிக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து வாழ்த்துச் சொல்லி, கேக்கில் வனிலா போடவா, கொய்யா ஜாம் போடவா என்று கேட்டார்.

அன்று மாலை அவள் மூத்துசாமியின் வண்டிக்கு முன்னால் வந்து நின்று சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு ஓடைக் கொட்டகையைப் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. நான் வர்றேன். குருவியையும் இருக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஒனெசீம் அடுப்பு மூட்டிவிட்டார். சட்டிக்குள் கல் கொதித்தது. அவருக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, அவருக்குக் கிடைத்திருந்த 'ஆமாம்' போதாது என்று ஒரு சந்தேகம் வந்தது. அவள் இல்லை என்று சொன்னால்? அதுவும் காரணங்களோடு சொன்னால்? படகில் எழுதிய பேரை அழித்துவிடலாம். ஆனால் அவள் சொல்லும் குறைகளைக் கேட்காமல் ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது?

அந்த நேரம் பார்த்து இரண்டு வேனில் கஸிமீர் ரிவியேரின் குடும்பம் வந்து இறங்கியது. கஸிமீர் குரலும் வயிறும் பெருத்தவர். காட்டுக்கு எரிவாயு அடுப்பு கொண்டுவருகிற ரகம். மற்றக் கொட்டகைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. மழை வலுத்துக்கொண்டிருந்தது. கஸிமீர் சட்டியைப் பார்த்தார், ஒனெசீமைப் பார்த்தார், பிறகு கூரைக்கு வெளியே கிளையில் நனைந்துகொண்டிருந்த தெக்-தெக்கைப் பார்த்தார். ஊர்க் கதை அவருக்கும் எட்டியிருந்தது.

"அண்ணே, சண்டை வேணாம். நம்ம பெரியவரையே கேட்டுருவோம்" என்றவர், குருவியின் பக்கம் திரும்பி, "இந்த எடம் இன்னைக்கு எங்களுக்குத்தானே?" என்றார்.

தெக் தெக்.

ஒனெசீமுக்கு முகம் வெளுத்தது. எல்லாவற்றையும் யாருடைய வாக்கில் வைத்து நடத்தினாரோ அவரே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். ரிவியேர் குடும்பம் ஐஸ்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூரைக்குள் நுழைந்தது. ஒனெசீம் மேசை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு குருவியிடம் மெதுவாக, "சரி, அவங்க இருக்கட்டும். நானும் இருக்கலாமா?" என்று கேட்டார்.

தெக் தெக்.

"அப்ப பாதி பாதி" என்று கஸிமீர் ஒத்துக்கொண்டார். சட்டம் தெரிந்த மனிதர்.

இப்படியாக எர்மினி தன் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தபோது, கொட்டகைக்குள் ஒரு பாதியில் எரிவாயு அடுப்பும் ரிவியேர் கூட்டமும், மறுபாதியில் கல் சட்டியும் ஒனெசீமும். வேடிக்கை பார்க்க மூத்துசாமியும் வண்டியைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஒவாரோ குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. எர்மினியின் பெரியம்மா லுக்ரேஸுக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியாததுபோலத் தக்காளி நறுக்கினார்கள்.

எர்மினி ஒனெசீமைப் பார்க்காமலே வேலையை ஆரம்பித்தாள். சட்டியின் மூடியைத் திறந்தாள். கல்லைப் பார்த்தாள்.

"இது எப்ப வேகும்?"

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஒனெசீம், வாய் தவறி.

அவள் அந்தச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினாள். வெங்காயம் போட்டாள். ஒரு கிண்ணத்தில் கோழித் துண்டுகளைப் போட்டு, மஞ்சளைக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "படகுல எம்பேரைப் பாத்தேன்" என்றாள்.

"நல்லா வந்திருக்கா?"

"எழுத்து நேராத்தான் இருக்கு. எழுதறதுக்கு யாரைக் கேட்டீங்க?"

"குருவிகிட்ட கேட்டேன்."

"அப்ப குருவியையே கட்டிக்க வேண்டியதுதானே?"

ரிவியேர் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெக்-தெக் அந்த நேரத்தில் மழைக்குப் பயந்தோ, பூச்சியைத் தேடியோ, கூரைக்குள் வந்து கஸிமீரின் எரிவாயு உருளையின் தலையில் உட்கார்ந்து, எல்லோரையும் ஒருமுறை கணக்கெடுத்தது. எர்மினி கையைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பினாள்.

கொட்டகை முழுக்கக் கத்திகள் நின்றன. அது எதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லும். அப்படியானால் அவள் எதைக் கேட்கிறாளோ அதுதான் அவளுடைய பதில் என்று அங்கே இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். ஒனெசீம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டா சந்தோஷமா இருப்பேனா?" என்று எர்மினி கேட்டாள்.

தெக் தெக்.

மூத்துசாமி கை தட்டியே விட்டார். ஒவாரோ கூட்டத்தில் ஒருத்தி ரம் பாட்டிலைத் திறந்தாள். ஒனெசீமின் முகம் மலர்ந்து, இல்லாத மூன்று பற்களின் இடமும் தெரிந்தது. எர்மினி தொடர்ந்தாள்.

"கட்டிக்காம, இப்ப மாதிரியே தனியா இருந்தா சந்தோஷமா இருப்பேனா?"

தெக் தெக்.

பாட்டில் திரும்ப மூடப்பட்டது.

"கஸிமீரைக் கட்டிக்கிட்டா?"

தெக் தெக்.

கஸிமீரின் மனைவி கிளறிக்கொண்டிருந்த அகப்பையை நிறுத்திக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்ணும் கேக்கலியே" என்று கஸிமீர் இரண்டு கையையும் தூக்கினார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை. இந்தச் சந்தில் பெரியம்மா லுக்ரேஸ், "எனக்காக ஒண்ணு கேளுடி. சோறு வெந்திருச்சான்னு கேளு" என்றாள். கேட்காமலே குருவி தெக் தெக் என்றது. அரிசி இன்னும் மூட்டையில் இருந்தது.

எர்மினி ஒனெசீமிடம் திரும்பினாள். "பாத்தீங்கள்ல. இது எல்லாத்துக்கும் ஆமாங்குது."

எல்லோரும் ஒனெசீமைப் பார்த்தார்கள். குருவி சட்டையை மாற்றிக்கொள்கிறது, பொய்யை ஒத்துக்கொள்கிறது என்ற வகையில் ஏதாவது அற்புதமான பதில் வரும் என்று மூத்துசாமி ஆவலோடு காத்திருந்தார். ஒனெசீம் எரிவாயு உருளைமேல் இருந்த அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"மொத நாள்லேர்ந்தே தெரியும்."

"அப்பறம் எதுக்கு அதுகிட்ட போனீங்க? மூணு பல்லைப் புடுங்கிக்கிட்டு?"

ஒனெசீம் தூணிலிருந்து பாசியைச் சுரண்டினார். "இல்லன்னு சொல்லாதது அது ஒண்ணுதான்" என்றார்.

மழை கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. மூத்துசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷமாக இந்த மனிதரைக் கிண்டல் செய்தது அவருக்கு அந்த நிமிஷம் கொஞ்சம் கசந்தது. அடுப்பில் வெங்காயம் தீய்கிற வாசனை வந்தும் யாரும் கிளறவில்லை.

எர்மினி சட்டியைக் கீழே இறக்கினாள். "நான் இல்லன்னும் சொல்லுவேன். ஆமான்னும் சொல்லுவேன். கேட்டாத்தானே எதுன்னு தெரியும்? படகுக்கிட்ட சொன்னீங்க, பாதிரியார்கிட்ட சொன்னீங்க, கேக்குக்காரர்கிட்டகூடச் சொன்னீங்க. என்கிட்ட நேரா கேளுங்க. இங்கயே. எல்லாரும் இருக்கட்டும்."

ஒனெசீம் தூணை விட்டுவிட்டு அவள் எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார். பழக்கப்பட்ட வாய், கேள்வி என்றதும் தனக்குத் தெரிந்த முதல் கேள்வியைக் கேட்டுவிட்டது.

"மழை வருமா?"

"பெய்யுது. அடுத்ததைக் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கஸிமீர்கூட அடுப்பை அணைத்துவிட்டார், அதன் இரைச்சல் தடையாக இருக்கக் கூடாதென்று. ஒனெசீம் தொப்பிகள் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் கவுன் பெண்ணிடம் கேட்ட நாளுக்குப் பிறகு அந்தக் குரலை அவர் வெளியே எடுத்ததில்லை. துருப்பிடித்த கீல் மாதிரி அது வந்தது.

"எர்மினி, என்னைக் கட்டிக்கிறியா?"

கேட்டு முடித்ததும் அவருடைய கழுத்து, அவரைக் கேட்காமலே, மெல்ல எரிவாயு உருளையின் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. எர்மினி கையை நீட்டி, மஞ்சள் சொட்டுகிற விரல்களால் அவர் தாடையைப் பிடித்து, அந்த முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.